சிறைக்குள்ளும் ஒரு பெரியவர் வேண்டும்

சிறைத்தண்டனை ஒருவரின் நடமாட்டத்தைத் தடுக்கலாம். ஆனால் அவரது மொழியையும் வழிபாட்டையும் உறவையும் பறிப்பது தண்டனையின் பகுதியன்று. கனடா இதனைச் சட்டத்திலேயே ஏற்றுள்ளது. அந்நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டம், ஆதிக்குடிகளின் மூத்தோருக்கு ஏனைய மதகுருமாருக்கு நிகரான தகுதியை வழங்குகின்றது. அம்மூத்தோர் சிறைக்குள் சென்று கைதிகளுக்கு அறிவுரை கூறுகின்றனர்; மூலிகைப் புகையூட்டல், வியர்வைக் குடில் முதலிய சடங்குகளை நடத்துகின்றனர். 1995இல் சஸ்கச்சுவான் மாகாணத்தில் ஆதிக்குடிப் பெண் கைதிகளுக்கெனக் குணமாக்கும் இல்லமொன்றும் திறக்கப்பட்டது.

இவை மருத்துவத்துக்கு மாற்றீடல்ல. தவறிழைத்தவர் தனது பொறுப்பை உணர்ந்து, மீண்டும் தன் சமூகத்துடன் இணைவதற்கான வழியே இது.

சப்ரகமுவத் தோட்ட மக்கள் ஆதிக்குடிகள் அல்லர். ஆயினும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழும் இவர்களின் நிலையும் கவனத்திற்குரியது. குருவிட்ட சிறைச்சாலையிலோ கேகாலைச் சிறைச்சாலையிலோ அடைக்கப்படும் தொழிலாளி, நிருவாகம் பெரும்பாலும் சிங்களத்தில் நடைபெறும் சூழலுக்குள் நுழைகின்றார். தண்டப்பணம் செலுத்த இயலாமையால் சிறை செல்வோர் நம் நாட்டில் ஏராளம். அத்தகைய வறியவரைப் பார்க்க வருவதற்கு, குடும்பத்தினர் ஒருநாள் சம்பளத்தை இழக்க வேண்டும்.

லயத்தில் சச்சரவு எழுந்தால் தோட்டத் தலைவரும் பெரியவர்களும் கூடிப் பேசித் தீர்ப்பர். மனம் கலங்கியவருக்குக் கோயிலில் திருநீறு இடுவதும், பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பதும் நம் மக்களின் வழக்கம். அத்தகைய ஆறுதல் சிறை வாயிலுடன் நின்றுவிடலாகாது.

எனினும் கனடாவின் அனுபவம் நமக்கு எச்சரிக்கையுமாகும். மக்கள் தொகையில் ஏறக்குறைய 5 சதவீதமான ஆதிக்குடிகள், 2023இல் மத்திய அரசின் சிறைகளில் இருந்தோரில் சுமார் 32 சதவீதமாயினர். வறுமையும் பாகுபாடும் நீடிக்கையில் மூத்தோரின் அரவணைப்பு மட்டும் போதாது.

ஒரே மதத்தைச் சேர்ந்த கைதிகள் போதிய எண்ணிக்கையில் இருப்பின், அம்மதத்தின் தகுதிவாய்ந்த பிரதிநிதி நியமிக்கப்பட வேண்டுமென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகள் கூறுகின்றன. ஆகவே தமிழ் பேசும் குருக்கள், மௌலவி, போதகர் ஆகியோருடன், தோட்டப் பெரியவர்களும் இவ்விரு சிறைகளுக்கும் ஒழுங்காகச் சென்றுவரச் சிறைச்சாலைகள் திணைக்களம் வழிசெய்தல் வேண்டும். விடுதலையாகி வருபவரை வரவேற்க லயத்தின் கதவைத் திறந்து வைப்பது நமது கடமையாகும்.