ஆப்ட்டா, ஆப்ட்-கெட்டா, ஆப்டிட்யூடா?

லினக்ஸுக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "ஒரு எடத்துல ஆப்ட்-கெட்னு போட்டிருக்கு, இன்னொரு எடத்துல ஆப்ட், மூணாவதுல ஆப்டிட்யூட். அப்டேட் பண்ண எதைத்தான் போடறது?"

"ஆப்ட் போடுங்க" என்று சொல்லிவிட்டேன். தப்பில்லைதான், ஆனால் அரைகுறை பதில். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

டெபியன், உபுண்டு, மின்ட் எதுவானாலும் பேக்கேஜைப் பிரித்து வட்டில் வைப்பது டிபிகேஜி. 1994-இல் பிறந்த நிரல். கொத்தனார் மாதிரி: செங்கல் இருந்தால் கட்டுவார், வாங்கிவரக் கடைக்குப் போகமாட்டார். ஒரு பேக்கேஜுக்கு வேறு பேக்கேஜ் தேவைப்பட்டு அது இல்லையென்றால், டிபிகேஜி புகார் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

கடைக்குப் போகிற வேலைதான் மற்ற மூன்றுக்கும். ஆப்ட்-கெட் 1999-இல் டெபியன் 2.1 உடன் வந்தது. ஆப்டிட்யூடும் கிட்டத்தட்ட அதே வயசு. டெர்மினலுக்குள்ளேயே மெனு காட்டும். ஆப்ட் என்ற சின்னக் கட்டளை 2014-இல் வந்தது. மூன்றுக்கும் களஞ்சியப் பட்டியல் ஒன்றுதான், அடியில் இருக்கும் டிபிகேஜியும் ஒன்றுதான்.

அப்போ வித்தியாசம் எங்கே? புதிய பதிப்பு உள்ளே வர, இன்னொன்று சேரவேண்டும் அல்லது வெளியே போகவேண்டும் என்ற நிலை வரும்போதுதான்.

ஆப்ட்-கெட் அப்கிரேடு: புதிதாக எதையும் சேர்க்காது, எதையும் நீக்காது. முடியாததை அப்படியே நிறுத்தி வைத்துவிடும்.

ஆப்ட் அப்கிரேடு: தேவையென்றால் புதியதைச் சேர்க்கும். நீக்காது.

ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு: சேர்க்கும், வேண்டுமென்றால் நீக்கவும் செய்யும். ஆப்ட்-கெட்டில் இதன் பெயர் டிஸ்ட்-அப்கிரேடு.

ஆப்டிட்யூட்: சிக்கல் வந்தால் ஒரு தீர்வு சொல்லும். வேண்டாம் என்றால் அடுத்த தீர்வைத் தேடும்.

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் உபுண்டுவில் புதிய கெர்னல் பெரும்பாலும் புதுப் பெயருள்ள பேக்கேஜாகத்தான் வரும். ஆப்ட்-கெட் அப்கிரேடு மட்டும் போட்டுக்கொண்டிருப்பவர் 'எல்லாம் அப்டேட் ஆயிடுச்சு' என்று நிம்மதியாக இருப்பார். பாதுகாப்புத் திருத்தம் உள்ள கெர்னல் வாசலிலேயே நிற்கும்.

எதிர்ப்பக்க ஆபத்தை நானே அனுபவித்தேன். 2011-இல் டெபியன் லென்னியிலிருந்து ஸ்குவீஸுக்கு மாறினேன். அதற்கு முந்தைய மாற்றங்களுக்கு ஆப்டிட்யூடைத்தான் டெபியன் பரிந்துரைத்தது. பழக்க தோஷத்தில் அதையே போட்டேன். நீளமாக ஒரு நீக்கப் பட்டியல் வந்தது. ராத்திரி பதினொரு மணி, யார் படிப்பார்கள்? ஒய் தட்டினேன். மறுதொடக்கம் செய்தால் கறுப்புத் திரையும் லாகின் வரியும்தான். டெஸ்க்டாப்பே போய்விட்டது. காலையில் வாடிக்கையாளருக்கு டெமோ காட்டவேண்டிய மடிக்கணினி அது. விடிய விடிய ஒவ்வொன்றாக நிறுவினேன். அப்புறம்தான் வெளியீட்டுக் குறிப்பைத் திறந்தேன். இந்த முறை ஆப்டிட்யூட் வேண்டாம், ஆப்ட்-கெட் போடுங்கள் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

நான் மட்டும் இல்லை. 2021-இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ்-இல் ஸ்டீம் நிறுவப் போய் டெஸ்க்டாப்பை இழந்தார். பேக்கேஜில் பிழை இருந்தது உண்மைதான். ஆனால் ஆப்ட்டும் எச்சரித்தது. 'ஆமாம், சொன்னதைச் செய்' என்கிற பொருளில் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் செய்தார்! அதன் பிறகு அந்த வாக்கியத்தை வைத்து அடிப்படைப் பேக்கேஜ்களை நீக்கும் வழியையே ஆப்ட் அடைத்துவிட்டது.

இப்போது என் வழக்கம் இது:

அன்றாடம் கையால் தட்டுவதற்கு ஆப்ட். முதலில் அப்டேட், பிறகு அப்கிரேடு. அப்டேட் பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும், எதையும் நிறுவாது.

ஸ்கிரிப்டுக்குள் ஆப்ட்-கெட். ஆப்ட்டின் நடத்தையும் வெளியீட்டு வடிவமும் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். ஸ்கிரிப்டில் போட்டால் அதுவே எச்சரிக்கும்.

ஃபுல்-அப்கிரேடுக்கு முன்னால் சிமுலேட் போட்டு ஒரு ஒத்திகை. எதையும் தொடாமல், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும்.

சார்புகள் சிக்கிக்கொண்டால் மட்டும் ஆப்டிட்யூட்.

பதிப்பு மாறும்போது எந்தக் கருவி என்று நான் முடிவு செய்வதில்லை. வெளியீட்டுக் குறிப்பு சொல்வதுதான்.

நண்பருக்கு மறுபடி போன் செய்து ஒரு வரி சேர்த்துச் சொன்னேன்: "எதை வேணா போடுங்க. ஆனா ஒய் தட்டறதுக்கு முன்னாடி, நீக்கப்போற பட்டியல்ல என்ன இருக்குனு படிச்சுடுங்க." ஆப்ட் 3.0-இல் அதைச் சிவப்பிலேயே காட்டுகிறார்கள். 2011-இல் எனக்கு அந்தச் சிவப்பு இல்லை. இருந்திருந்தாலும் அந்த ராத்திரியில் படித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.