வடவெல்லைத் தொழில்கள் – 7: ஒரே தறி, இரண்டு மாநிலம்

நகரி, புத்தூர், நாராயணவனம் பகுதித் தமிழ் நெசவாளர்கள் பிழைப்பு தேடி ஆந்திரத்துக்குப் போனவர்கள் அல்லர். எல்லைக்கோடு விழுந்தபோது அந்தப் பக்கம் தங்கிப்போனவர்கள். 1911-இல் வட ஆற்காட்டின் சில வட்டங்களையும் கடப்பையின் சில வட்டங்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லையை ஆராய்ந்த படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. நகரி திரும்பவில்லை.

இதனால் ஒரே நெசவு வட்டாரம் இரண்டானது. பொதட்டூர்பேட்டையும் அம்மையார்குப்பமும் இந்தப் பக்கம். நகரியும் ஏகாம்பரகுப்பமும் அந்தப் பக்கம். இரு பக்கத்துச் செங்குந்தர் குடும்பங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதும் தறி ஓட்டுவதும் முன்போலவே தொடர்ந்தன. தொழிலின் கணக்குதான் மாறியது. தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம்; நகரித் தறிக்கு அந்தச் சலுகை அப்போது எட்டவில்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை, எல்லை தாண்டி விற்கும் துணிக்குச் சோதனைச் சாவடிச் சீட்டு வேறு.

அப்படியிருந்தும் தறியை விடாததற்கு ஒரு காரணம் அரசு வேலையின் வாசல் குறுகியது. அரசமைப்பின் 371 டி பிரிவின்கீழ் 1975-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, ஆந்திரத்தில் பணியிடங்களின் பெரும்பங்கை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்குகிறது. உள்ளூர்க்காரர் யார் என்பதற்குப் பள்ளிப்படிப்பு எந்த ஊரில் என்பதே முதல் அளவுகோல். தமிழில் படிக்கட்டும் என்று பிள்ளையைத் திருத்தணிக்கு அனுப்பிய குடும்பத்துக்கு இது சிக்கல்.

வீட்டில் தறி இருந்தால் அவர் முதலாளி என்று அர்த்தமில்லை. பாவும் ஊடையும் வேறொருவர் கொடுக்க, கூலிக்கு நெய்து தருபவர்களே அதிகம். தேசிய மாதிரி ஆய்வின் வரையறைப்படி இப்படி வீட்டிலிருந்தே செய்பவரும் சுயதொழில் செய்பவர்தான். சுயதொழில் எண்ணிக்கையைப் பார்த்துச் செழிப்பை அளப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

குடியேறிகளின் வணிகத்தை ஆராய்ந்த வில்சனும் போர்ட்டஸும் 1980-இல் மயாமி நகரத்துக் கியூபர்களைப் பற்றி எழுதியபோது, தம்மவர் நடத்தும் தொழில்கள் செறிந்த வட்டாரத்தில் வேலை செய்வது அவர்களுக்குக் கைகொடுத்தது என்றார்கள். நகரி நெசவாளர்கள் குடியேறிகள் அல்லர் என்றாலும் அவர்களுக்கு அது பொருந்தும். திருப்பதிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே தமிழர் செறிவைவிட வந்து போகும் தமிழ்க் கூட்டம் பெரிது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தமிழ்நாட்டிலிருந்து குவியும் பக்தர்களையும் நம்பி அலிபிரியிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் வாடகை வண்டி, சிற்றுண்டிக் கடை, பொம்மைக் கடை எல்லாம் நடக்கின்றன. தெலுங்கரும் தமிழ் பேசி வியாபாரம் செய்கிறார். எனவே தமிழருக்குத் தாய்மொழியால் கிடைக்கும் அனுகூலம் சிறியதே. மலைமேல் கடை வைக்கத் தேவஸ்தானத்தின் அனுமதி வேண்டும் என்பதால் மொழியை மட்டும் வைத்து அங்கே காலூன்ற முடியாது.

தொழில் எல்லை தாண்டுவது மறுதிசையிலும் நடந்திருக்கிறது. புத்தூருக்கு அருகே தெலுங்குக் குடும்பம் ஒன்று செய்துவந்த எலும்புமுறிவு வைத்தியம், சென்னை ரயில் பாதையில் ஊர் இருந்ததால் தமிழரிடையே பேர் வாங்கியது. இன்று தமிழக ஊர்கள் பலவற்றில் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை தொங்குகிறது. அவற்றில் எத்தனைக்குப் புத்தூரோடு உறவு உண்டு என்பது வேறு விஷயம்.

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள குப்பத்தில் நிலைமை நகரிக்கு நேர்மாறு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஊர். ஆனால் சென்னை–பெங்களூரு ரயில் பாதை ஊர் வழியே செல்கிறது. விடியற்காலை வண்டியில் பெங்களூருவுக்கோ கோலார் பக்கமோ கூலி வேலைக்குப் போய் இரவு திரும்ப முடிகிறவருக்கு, கடன் வாங்கித் தறியோ கடையோ போடும் அவசியம் குறைவு.