மூன்றடி அளவுகோல்: சிறந்த பயிற்சியாளர் யார்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கல்லூரிகளுக்கிடையேயான போட்டி முடிந்து விழுப்புரத்திலிருந்து நாங்கள் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். நானூறு மீட்டர் ஓட்டத்தில் நான் நான்காவதாக வந்திருந்தேன். மூன்றாவதாக வந்தவருக்கும் எனக்கும் இடையே ஒரு முழ தூரம்கூட இல்லை. பதக்கமும் இல்லை, பேச மனமும் இல்லை. அப்போது பின் இருக்கையிலிருந்து ஒரு நண்பன், "நமக்கும் ஒரு பெரிய கோச் இருந்திருந்தால்..." என்று தொடங்கினான். அவ்வளவுதான். அரகண்டநல்லூர் வந்து பெண்ணையாற்றுப் பாலம் தெரியும்வரை எவரும் கண்ணயரவில்லை. பெரிய கோச் என்றால் யார்? எல்லாரிலும் பெரியவர் யார்? அன்று பேருந்தில் முடிவு காணாத அந்த வழக்கைத்தான் இன்று நம் ஆண்டு மலரின் வாசகர்கள் முன் வைக்கிறேன்.

ஒரு நண்பன் உடனே அமெரிக்காவுக்குப் போய்விட்டான். "பல்கலைக்கழக விளையாட்டு என்றால் ஜான் வுடனை மிஞ்ச ஆளில்லை" என்றான். அவன் சொன்னதில் உண்மை உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியை அவர் 1948 முதல் 1975 வரை பயிற்றுவித்தார். 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த அணி பத்துமுறை தேசியப் பட்டம் வென்றது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு அவர் கற்றுத்தந்த முதற்பாடம் காலுறையைச் சுருக்கமில்லாமல் அணிவது எப்படி என்பதாம். காலில் கொப்புளம் வந்தால் ஆட்டம் போய்விடும் அல்லவா? ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த முதல் பட்டம் அவருக்குக் கிடைத்தது பதினாறாவது பருவத்தில். பதினைந்து பருவங்கள் பட்டமில்லாமல் இருந்த ஒருவரை அப்பல்கலைக்கழகம் பொறுத்திருந்தது. பயிற்சியாளரின் பெருமையில் அப்படிக் காத்திருந்தவர்களுக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

அமெரிக்கா இருக்கட்டும், நம் நாட்டுக்கு வருவோம். திருக்கோவிலூர்க்காரர்களாகிய நமக்கு அளவுகோலைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. மூன்றடியால் உலகை அளந்தவர் நம் ஊரிலேயே நிற்கிறார். நானும் மூன்று அடிகளால் அளந்து பார்க்கிறேன்.

முதல் அடி, வெற்றி. இந்த அளவையில் முன்னே நிற்பவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். அடிப்படையில் அவர் ஒரு பள்ளி ஆசிரியர். 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் நம் கால்பந்து அணி தங்கம் வென்றது அவருடைய பயிற்சியில்தான். மறு ஆண்டே எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் 10-1 என்று பெருந்தோல்வி. நம்மவர் பலர் அதுவரை வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். ரகீம் சோர்ந்துவிடவில்லை. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற நம் அணி நான்காம் இடம் பெற்றது. 1962இல் சகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மீண்டும் ஆசியத் தங்கம். தலையில் அடிபட்டிருந்த தற்காப்பு வீரர் சர்னைல் சிங்கை அவர் முன்களத்தில் நிறுத்தினார். இறுதியாட்டத்தின் இரு கோல்களில் ஒன்று சர்னைலுடையது. அப்போது ரகீமுக்குப் புற்றுநோய். அடுத்த ஆண்டு சூன் மாதம் அவர் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் கிடைக்கவேயில்லை.

"இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?" என்பார்கள். வேண்டும். வெற்றியை மட்டும் அளந்தால் கையில் கிடைத்த ஆட்டக்காரர்களின் திறமையையும் சேர்த்தல்லவா அளந்துவிடுகிறோம்? ஆகவே அடுத்த அடி.

இரண்டாம் அடி, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எவ்வளவு தூரம் கொண்டுவந்தார் என்பது. இங்கே நிற்பவர் ஓ. எம். நம்பியார். விமானப் படையிலிருந்து வந்தவர். கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த மெலிந்த சிறுமி பி. டி. உஷாவை ஓட்டக்காரியாக ஆக்கியவர். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் உஷா ஓடிய நேரம் 55.42 வினாடி. மூன்றாமவர் ஓடியது 55.41. ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு! கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 மீட்டரை 55.42 வினாடியில் கடப்பவர் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 7.2 மீட்டர் செல்கிறார். அப்படியானால் நூறில் ஒரு வினாடி என்பது ஏழு சென்டிமீட்டர். நம் பாட்டிமார் கணக்கில் நாலு விரற்கடை.

நாலு விரற்கடையில் நழுவிய பதக்கத்துக்குப் பின் அந்த ஆசிரியரும் மாணவியும் என்ன செய்தார்கள்? மீண்டும் திடலுக்குப் போனார்கள். 1985இல் சகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. பயிற்சியாளர்களுக்கென 1985இல் ஏற்படுத்தப்பட்ட துரோணாச்சாரியார் விருதை முதல் ஆண்டிலேயே பெற்றவர்களுள் நம்பியாரும் ஒருவர். 2021இல் அவர் காலமானார். என்னைப் போல் நான்காவதாக வந்தவர்களுக்கெல்லாம் அவர் கதை ஒரு மருந்து.

ஆயினும் ஒரு மாணவியை உயர்த்தியதை வைத்து எல்லாரிலும் பெரியவர் எனலாமா? அதனால் மூன்றாம் அடி.

மூன்றாம் அடி, தாம் இல்லாத காலத்திலும் எத்தனை திடல்களில் தம் வேலை நடக்கிறது என்பது. இதில் என் வாக்கு ஹாரி குரோ பக் என்பவருக்கு. அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வந்த அவர் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் உடற்கல்விக் கல்லூரி அதுவே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராகச் சென்றவரும் அவரே. 1943இல் மறைந்தார். பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தோன்றியது 1961இல்தான் என்பதை நினைத்தால், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விளையாட்டைக் கற்பிப்பது ஒரு படிப்பு என்று நம் சென்னையில் நிலைநாட்டிய அவருடைய தொலைநோக்கு விளங்கும்.

பேருந்தில் இதைச் சொன்னபோது நண்பர்கள் சிரித்தார்கள். "பாரிஸிலிருந்து உங்கள் பக் எத்தனை பதக்கம் கொண்டுவந்தார்?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லைதான். ஆனால் அவர் உருவாக்கியது ஆட்டக்காரர்களை மட்டுமல்ல, ஆசிரியர்களை. ஒரு விளக்கு இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. எண்ணிக்கையில் மட்டும் அது அகப்படாது.

கல்வராயன் மலையடிவாரத்தில் நான் படித்த பள்ளியில் ஒரு பி.டி. மாஸ்டர் இருந்தார். அவரும் நந்தனத்தில் படித்தவர்தாம். விடியற்காலை ஐந்தரைக்கு விசில் கேட்கும். நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போவதற்குள் கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளைத் தூவி, கோடு போட்டு முடித்திருப்பார். மலையிலிருந்து நடந்தே பள்ளிக்கு வரும் பையன்களைப் பார்த்து, "நீங்கள் பாதிப் பயிற்சியை வழியிலேயே முடித்துவிட்டீர்களப்பா" என்று சொல்வார். செய்தித்தாளில் அவர் படம் வந்ததில்லை. அவருடைய மாணவர் எவரும் ஒலிம்பிக் போகவில்லை. ஆனால் பள்ளியை விட்டு நின்றுவிட இருந்த எத்தனையோ பேரை அந்த விசில் மீண்டும் வகுப்பறைக்கு அழைத்து வந்தது. அவர்களில் நானும் ஒருவன்.

முதலாழ்வார் மூவர் சந்தித்த இடைகழி நம் ஊரில்தான் என்பதை நாம் அறிவோம். மழை இரவு; ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும்படியான சிற்றிடம். மூவரும் நின்றார்கள். பின்பு இருட்டில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள். பெயர் சொல்லாமல் வந்து நின்ற அந்த நான்காமவருக்காகத்தான் கதையே சொல்லப்படுகிறது.

ரகீம், நம்பியார், பக் ஆகிய மூவரையும் நான் ஒரே இடைகழியில் நிற்க வைக்கிறேன். மூவருக்கும் இடமுண்டு. ஆனால் அந்த இருட்டில் நான்காவதாக ஒருவர் நெருக்குகிறாரே, அவர் கையில் சுண்ணாம்புக் கறையும் கழுத்தில் விசிலும் இருக்கின்றன. மிகப் பெரியவர் யார் என்று கேட்டால், ஒவ்வொருவரும் தம் முதல் விசிலை ஊதியவரை நினைத்துக்கொள்ளட்டும் என்பதே என் தீர்ப்பு.

பட்டம் முடிந்ததும் வங்கித் தேர்வு எழுத வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். நான் பி.பி.எட். படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் வீட்டில் சொல்லவில்லை. இம்மலரை அப்பாவும் படிப்பார். வாயால் சொல்லத் துணியாததை எழுத்தால் சொல்லிவிட்டேன்.