சரளைக் குழியில் ஒரு பறவைக் காப்பகம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நாட்டிங்காம் நகருக்குத் தென்மேற்கே டிரென்ட் ஆற்றங்கரையில் அமைந்துள்ள அட்டன்பரோ இயற்கைக் காப்பகத்தின் ஏரிகள் இயற்கையாகத் தோன்றியவை அல்ல; 1929 முதல் 1967 வரை கட்டுமானத்துக்காகச் சரளைக்கல் வெட்டியெடுக்கப்பட்ட குழிகளே அவை. வட ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளங்கள் மூடியிருந்த பனியூழிக் காலத்தில், உருகுநீர் பெருக்கெடுத்த ஆறுகள் உருட்டிவந்து சமவெளிகளில் படியவிட்ட கூழாங்கல்லும் மணலும் கலந்த படிவமே இந்தச் சரளை. ஆற்றையொட்டிய இப்படிவம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழும் இறங்கிச் செல்வதால், நீரை இறைத்துக்கொண்டோ நீருக்கடியிலிருந்து வாரியோதான் அதை எடுக்க முடியும்; இறைப்பு நின்றதும் குழி தானாகவே நிரம்பிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் கான்கிரீட் பெருமளவில் தேவைப்பட்டபோது, தென் இங்கிலாந்திலும் நடு இங்கிலாந்திலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் நெடுகிலும் இத்தகைய நீர்நிலைகள் பெருகின.

அந்நாளில் இவற்றை யாரும் செல்வமாகக் கருதவில்லை. கைவிடப்பட்ட குழி என்றால் கழிவைக் கொட்டி மூட வேண்டிய இடம் என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. அட்டன்பரோவிலும் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டி நிரப்பத் திட்டமிடப்பட்டது. அதற்கு எழுந்த எதிர்ப்பிலிருந்தே 1963இல் நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தின் வனவுயிர் அறக்கட்டளை பிறந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், அட்டன்பரோ என்ற ஊர்ப்பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட தொலைக்காட்சி இயற்கை நிகழ்ச்சித் தொகுப்பாளர் டேவிட் அட்டன்பரோ காப்பகத்தைத் திறந்துவைத்தபோது சரளை தோண்டும் பணி இன்னும் முடிந்திருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1982இல் இது ‘தனி அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடம்’, அதாவது உயிரினங்களுக்காகவோ நில அமைப்புக்காகவோ சட்டப் பாதுகாப்புப் பெற்ற நிலம், என்று அறிவிக்கப்பட்டது.

மனிதர் மதிக்காத குழிகளின் பயனைப் பறவைகள் முன்னரே கண்டுகொண்டிருந்தன. தமிழகத்து ஏரிக்கரைகளிலும் காணப்படும் பட்டாணி உப்புக்கொத்தி, புல் முளைக்காத கூழாங்கல் பரப்பில் கற்களோடு கற்களாகத் தோன்றும் முட்டைகளை இடும் சிறு பறவை; பிரிட்டனில் அது 1938இல்தான் முதன்முதலாக இனப்பெருக்கம் செய்தது என்பதும், பின்னர் அது நாட்டில் பரவியதற்குப் புதிதாகத் தோண்டப்பட்ட சரளைக் குழிகளே பெரிதும் துணைநின்றன என்பதும் பறவையியல் வரலாற்றின் சுவையான செய்திகள். கொண்டை முக்குளிப்பானின் கதையோ துயரமானது. சீமாட்டிகளின் ஆடை அணிகளுக்காக மார்பு இறகுகள் உரிக்கப்பட்ட அப்பறவை, 1860 அளவில் பிரிட்டனில் ஐம்பது இணைகளுக்கும் குறைவாகத் தேய்ந்துபோயிற்று; இறகு வணிகத்தை எதிர்த்துப் பெண்கள் 1889இல் தொடங்கிய இயக்கமும், பறவைகளைக் காக்கும் சட்டங்களும், மீன் நிறைந்த புதிய குழி ஏரிகளும் சேர்ந்தே அதை மீட்டன.

ஆயினும் எந்தக் குழியும் தானாகவே நல்ல வாழிடமாகிவிடுவதில்லை. சரளை எடுப்போர் விட்டுச்செல்லும் செங்குத்தான கரையும் ஒரே சீரான ஆழமும் நீர்த்தாவரங்கள் வேரூன்ற ஏற்றவை அல்ல. வாத்துகள் மேய்வதற்குச் சரிவான ஓரமும் ஆழம் குறைந்த நீரும் வேண்டும். இதை முறையாக ஆராய்ந்தவர்களுள் கென்ட் பகுதியின் செவனோக்ஸில் 1956இல் பணியைத் தொடங்கிய ஜெஃப்ரி ஹாரிசன் என்ற மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். வேட்டையில் சுடப்பட்ட வாத்துகளின் குடலைப் பிரித்து, அவை எந்தெந்த விதைகளை உண்டன என்று கண்டறிந்து, அந்தச் செடிகளையே அங்கிருந்த சரளைக் குழியின் கரைகளில் நட்டார். வேட்டைக்காரர்களின் ஆர்வமே பாதுகாப்புக்கு வழிகாட்டியது என்பதை இன்றைய வாசகர் சற்று வியப்புடனேயே ஏற்பார்.

அட்டன்பரோ தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்தே காப்பகத்தை அடையலாம். ஏரிகளுக்கிடையே வெட்டப்படாமல் விடப்பட்ட கரைகளே இப்போது பாதைகளாக உள்ளன. ஏற்ற இறக்கம் இல்லாத இப்பாதைகளில் முதியோரும் எளிதாக நடக்கலாம் என்றாலும், டிரென்டில் வெள்ளம் வரும் குளிர்காலத்தில் அவை நீரில் மூழ்கக்கூடும். பார்வையாளர் மையம் 2005இல் திறக்கப்பட்டது. பறவைகள் மிரளாதவாறு சிறு திறப்புகளின் வழியே பார்ப்பதற்கான மறைவறைகளும் உண்டு. குளிர்காலத்தில் வாத்துக் கூட்டங்களையும், பொறுமையுடையோர் நாணலுக்குள் அசையாமல் நிற்கும் குருகையும் காணலாம். கோடையில் ஆலாக்கள் நீரின்மேல் பாய்ந்து மீன் பிடிக்கும்.

குளிர்காலத்தில் இத்தகைய காப்பகங்களுக்குச் செல்பவர், தொண்டர்கள் மரம் வெட்டுவதைக் கண்டு திகைக்கக்கூடும். நீரோரத்தில் முதலில் நாணலும், அது மட்கி நிலம் உயர்ந்தபின் வில்லோ மரமும் பரவி, இறுதியில் நீர்நிலையே காடாக மாறும் போக்கைச் சூழலியலார் ‘படிமுறை வளர்ச்சி’ என்பர். அதன் போக்கில் விட்டுவிட்டால், வெற்றுக் கூழாங்கல்லை நாடி வந்த உப்புக்கொத்திக்கு ஓர் அடி இடமும் மிஞ்சாது. எனவே தீவுகளின் செடிகொடிகளை அவ்வப்போது அகற்றுவதும் நாணலைப் பகுதி பகுதியாக அறுப்பதும் இங்கே ஓயாத வேலையாகின்றன. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிறர் நிலத்தில் இப்பணியைச் செய்துவந்த அறக்கட்டளை, பொதுமக்களின் நன்கொடை உள்ளிட்ட நிதியைத் திரட்டி 2020இல்தான் அந்நிலத்தை விலைக்கு வாங்கியது.