மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் கேரளத்தில் தலை எண்ணுவார்கள். ஆசிரியர் பணியிடம் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது; அதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் ‘சம்பூர்ணா’ மென்பொருளில் ஏற்றியாக வேண்டும். இந்த அவசரத்தில் அம்பூரி, பாறசாலை பக்கத்திலிருந்து வரும் கடிதங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன. மதங்களைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது ஒன்று. படிவத்தில் பிள்ளையின் மதத்தை எழுதுவது இன்னொன்று.

முதலாவதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அரசுப் பணத்திலேயே முழுக்க நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. எய்டட் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை வழிபாட்டில் சேர்க்கக் கூடாது. அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவு இது. மதங்களைப் பற்றிய பாடம் போதனை ஆகாது என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லாப் பண்டிகையும் பள்ளிக்குச் சமம் என்று அதிகாரிகள் சொல்வதை மட்டும் காலண்டரோடு ஒத்துப் பாருங்கள். பொதுக் காலண்டர் பள்ளிகளில் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பத்து நாளையொட்டி விடுமுறை. முஸ்லிம்களின் பெருநாளுக்கு ஒரு நாள். வெட்டுக்காடு தேவாலயத் திருவிழாவுக்கு அண்மை ஆண்டுகளில் வந்த உள்ளூர் விடுமுறை உத்தரவுகளில் அம்பூரியின் பெயர் தனியாக இருக்கும். முன்பு நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்து, பிறகு காட்டாக்கடைக்குப் போன கிராமம் அது. எந்தப் பண்டிகைக்குப் பிள்ளை வீட்டில் இருக்கும் என்பதைப் பழைய தாலுகா எல்லை தீர்மானிக்கிறது!

உண்மையான சிக்கல் கட்டத்தில்தான். 2008இல் ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் நூலில் ‘மதமில்லாத ஜீவன்’ என்றொரு பாடம் வந்தது. அன்வர் ரஷீத், லட்சுமி தேவி தம்பதி மகன் ஜீவனைப் பள்ளியில் சேர்க்க வருகிறார்கள். தலைமையாசிரியர் மதம் கேட்கிறார்; வேண்டாம் என்கிறார்கள். சாதியும் வேண்டாம், பையன் வளர்ந்து விரும்பினால் தேர்ந்துகொள்ளட்டும் என்கிறார்கள். பாடம் இவ்வளவுதான். எந்தச் சாமியையும் அது பழிக்கவில்லை. ஒரு படிவத்தை நிரப்பாமல் விட்டது, அவ்வளவே. அதற்கே மாநிலம் கொந்தளித்தது. மலப்புறத்தில் ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்துக்கு வந்த தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் போராட்டத்தின்போது தாக்கப்பட்டு இறந்தார். அரசு கே.என். பணிக்கர் தலைமையில் குழு அமைத்து, பாடத்தைத் திருத்தியது.

பத்தாண்டு கழித்து, 2018 மார்ச்சில், அதே காலிக் கட்டம் பெருமையாகத் திரும்பி வந்தது. சாதி, மதம் குறிப்பிடாத மாணவர்கள் 1.24 லட்சம் பேர் என்று கல்வி அமைச்சர் சி. ரவீந்திரநாத் சட்டமன்றத்தில் சொன்னார். தங்கள் பள்ளியில் அப்படி யாருமே இல்லையே என்று பல பள்ளிகள் கேட்டன. தோண்டிப் பார்த்தால், அவர்களில் மிகப் பெரும்பாலோர் மதத்தை எழுதியிருந்தார்கள். சாதிக் கட்டம்தான் காலி. கணினியில் நிரப்பாமல் போனதெல்லாம் கொள்கையாகிவிட்டது. ஒரு பெற்றோர் யோசித்து விட்ட வெற்றிடத்துக்கும் அவசரத்தில் விடுபட்ட வெற்றிடத்துக்கும் மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. அமைச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்பூரி, பாறசாலைப் பகுதியில் கட்டத்துக்கு விலையும் உண்டு. இந்து நாடாருக்கும் எஸ்.ஐ.யு.சி. (தென்னிந்திய ஐக்கிய சபை) நாடாருக்கும் இடஒதுக்கீடு முன்பே இருந்தது. மற்ற சபைகளின் நாடார்கள் வெளியே நின்றார்கள். 2021 பிப்ரவரியில் அரசு அவர்களையும் சேர்த்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒரே குடும்பத்துச் சித்தப்பா மகனும் பெரியப்பா மகனும் எந்தத் தேவாலயத்துக்குப் போனார்கள் என்பதைப் பொறுத்துச் சலுகை மாறிய ஊர் இது. இங்கே காலியாக விடுவதென்றால் பிள்ளையின் சலுகையையும் சேர்த்து விடுவது.

மற்றக் கேள்விகள்:

மதம் எழுதாவிட்டால் சேர்க்கை மறுப்பார்களா? அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது.

பிரார்த்தனையில் கைகூப்பாமல் நிற்கலாமா? நிற்கலாம், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாதிருந்த கேரளப் பிள்ளைகள் மூவருக்கு 1986இல் உச்ச நீதிமன்றமே துணை நின்றது.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்? தமிழ்நாட்டில் கட்டத்தை விட்டுவிட 1973 முதலே அரசாணை உண்டு. அதைக் கேட்டால் விழிக்கிற அலுவலகங்களும் உண்டு.

பிறகு மாற்றலாமா? மாற்றலாம், அலைய வேண்டும்.

ஆறாவது வேலை நாளுக்கு முன்பே தலைமையாசிரியரிடம் போய், சம்பூர்ணாவில் பிள்ளையின் பெயருக்கு நேரே மதம், சாதி இரண்டிலும் என்ன ஏறியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காலியாக விடுவதானால் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.