குண்டூசித் தலையளவு விஷம்

1978 செப்டம்பர் 7. லண்டனில் வாட்டர்லூ பாலத்தருகே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார் பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவ். வலது தொடையின் பின்புறம் சுருக்கென்று ஏதோ குத்தியது. திரும்பிப் பார்த்தார். ஒருவன் குனிந்து, கீழே கிடந்த குடையை எடுத்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டு உச்சரிப்பில் ‘ஸாரி’ சொல்லிவிட்டு, டாக்ஸி பிடித்துப் போய்விட்டான்.

மார்க்கோவ் பி.பி.சி. அலுவலகத்துக்குப் போய் வேலையைப் பார்த்தார். தொடையில் சிவந்திருந்த பரு போன்ற புள்ளியைச் சக ஊழியரிடம் காட்டினார். அன்றிரவே கடும் காய்ச்சல். மறுநாள் மருத்துவமனை. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று நினைத்து மருத்துவர்கள் சிகிச்சை கொடுத்தார்கள். செப்டம்பர் 11 அன்று இறந்தார். வயது 49.

அவரைக் குடையால் குத்தினார்களா, அல்லது வேறு கருவியால் சுட்டுவிட்டுக் கவனத்தைத் திருப்பக் குடையைக் கீழே போட்டார்களா என்பதில் இன்றும் வாதம் உண்டு. ஏவியது யார் என்பதில் பெரிய சந்தேகமில்லை.

உள்ளே இருந்தவரின் கோபம்

மார்க்கோவ் பல்கேரியாவில் ஒடுக்கப்பட்ட எழுத்தாளராக இருந்தவரில்லை. படிப்பால் ரசாயனப் பொறியாளர். 1962-இல் வந்த நாவலுக்கு எழுத்தாளர் சங்கத்தின் பரிசு கிடைத்தது. நாடகம், தொலைக்காட்சித் தொடர் என்று பெயர் பரவியது. அதிபர் தோதோர் ஷிவ்கோவோடு மலையில் நடை போகுமளவுக்கு அதிகார வட்டத்தில் நெருக்கம். அந்த நெருக்கத்தில்தான் எல்லாவற்றையும் பார்த்தார். நாடகங்களுக்குத் தடை விழத் தொடங்கியதும், 1969-இல் இத்தாலியிலிருந்த சகோதரர் வீட்டுக்குப் போனவர் திரும்பவேயில்லை.

லண்டனில் பி.பி.சி.யின் பல்கேரியப் பிரிவில் சேர்ந்தார். அவரில்லாமலே வழக்கு நடத்தி, 1972-இல் ஆறரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். நூலகங்களிலிருந்து அவர் புத்தகங்கள் காணாமல்போயின.

1975 முதல் ‘சுதந்திர ஐரோப்பா வானொலி’யில் வாராவாரம் பேசினார். ஆளும் கூட்டத்தின் விருந்துகள், எழுத்தாளர்கள் விலைபோன விதம், ஷிவ்கோவின் முகஸ்துதி ஆசை எல்லாவற்றையும் பேர் சொல்லி விவரித்தார். அரசு அலைவரிசையில் இரைச்சலைக் கலந்தது. ஆனாலும் ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். வெளியிலிருந்து திட்டுகிறவனைத் துரோகி என்று தள்ளிவிடலாம். கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் சொன்னால் மறுப்பதற்கு ஆளில்லை. ஷிவ்கோவின் பிறந்தநாளும் செப்டம்பர் 7-தான்.

ஆமணக்கு சொன்ன சாட்சி

பிரேதப் பரிசோதனையில் குத்துப்பட்ட இடத்துத் தசையை வெட்டியெடுத்து, போர்ட்டன் டவுன் என்னும் ராணுவ ரசாயன ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதற்குள்ளிருந்து வந்தது ஒரு துளி உலோகம். அடையாளத்துக்குக் குத்திய குண்டூசியின் தலை என்றே முதலில் நினைத்தார்களாம். பிளாட்டினமும் இரிடியமும் கலந்த உருண்டை அது. விட்டம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அதில் இரண்டு நுண்துளைகள்.

துளைக்குள் விஷம் எதுவும் மிச்சமில்லை. ஒரு மில்லிகிராமில் பாதி அளவுகூட அதில் அடைக்க முடியாது. அவ்வளவு கொஞ்சத்தில் ஆளைக் கொல்லக்கூடியது எது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார்கள். எஞ்சியது ரிசின். ஒரு பன்றிக்கு அதைச் செலுத்தியபோது, மார்க்கோவுக்கு வந்த அதே அறிகுறிகளோடு செத்தது.

ரிசின் ஆமணக்கு விதையில் இருப்பது. விளக்கெண்ணெயில் அது வராது. பிழிந்த புண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆமணக்குப் புண்ணாக்கை வயலுக்கு உரமாகப் போடுவார்களே தவிர, மாட்டுக்கு வைக்க மாட்டார்கள் என்பதன் காரணம் இதுதான். ரிசினுக்கு அன்று மாற்று மருந்து கிடையாது.

மார்க்கோவ் செத்த செய்தி கேட்டுப் பாரிஸில் ஒருவர் திடுக்கிட்டார். விளாதிமிர் கோஸ்தோவ், நாட்டைவிட்டு வெளியேறிய இன்னொரு பல்கேரியப் பத்திரிகையாளர். ஆகஸ்ட் 26 அன்று மெட்ரோ நிலையத்தில் அவர் முதுகிலும் ஏதோ சுருக்கென்று குத்திக் காய்ச்சல் வந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்து, அறுத்துப் பார்த்தால் அதே மாதிரி உருண்டை! குண்டு ஆழமாக இறங்காததால் தப்பினார். 1979 ஜனவரியில் லண்டன் மரண விசாரணை அதிகாரி, மார்க்கோவ் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார் என்று தீர்ப்பளித்தார்.

கோப்பு எரிந்த கதை

மருத்துவம் சில மாதங்களில் கண்டுபிடித்ததைச் சட்டம் இன்றுவரை முடித்துவைக்கவில்லை. 1989-இல் ஷிவ்கோவ் ஆட்சி கவிழ்ந்தது. உதவி கேட்டது பல்கேரியா, விஷமும் கருவியும் கொடுத்தது சோவியத் உளவுத்துறை என்று, முன்னாள் கே.ஜி.பி. ஜெனரல் ஓலெக் கலூகின் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் சோஃபியாவில் மார்க்கோவின் கோப்புகள் அழிக்கப்பட்டிருந்தன. அழித்ததற்காக முன்னாள் உளவுத்துறைத் தலைவர் விளாதிமிர் தோதோரோவுக்கு 1992-இல் தண்டனை கிடைத்தது. அதுவும் மாதக்கணக்கில்தான். உடன் குற்றம் சாட்டப்பட்ட ஜெனரல் ஸ்தோயன் சாவோவ் விசாரணைக்கு முன்பே தற்கொலை செய்துகொண்டார்.

மிச்சத்தைத் தோண்டியது போலீஸ் இல்லை, ஒரு பத்திரிகையாளர். ஹிரிஸ்தோ ஹிரிஸ்தோவ் நீதிமன்றம் வரை போய் உளவுத்துறை ஆவணங்களைப் பெற்றார். கோப்பில் மார்க்கோவுக்கு ‘நாடோடி’ என்று சங்கேதப் பெயர். சந்தேகத்துக்குரிய ஏஜென்டுக்கு ‘பிக்காடிலி’. அந்த ஏஜென்ட் இத்தாலியில் பிறந்த ஃபிரான்செஸ்கோ குல்லினோ. 1993-இல் கோபன்ஹேகனில் அவரை விசாரித்தார்கள். உளவு பார்த்ததை ஒப்புக்கொண்டார், கொலையை மறுத்தார். வழக்கே போடவில்லை. 2021-இல் ஆஸ்திரியாவில் இறந்துபோனார். அதற்கு முன்பே, 2013 செப்டம்பரில், 35 ஆண்டு காலவரம்பு முடிந்துவிட்டதாகச் சொல்லி பல்கேரியா விசாரணையை மூடிவிட்டது.

காத்திருந்தால் வழக்கு தானே செத்துவிடும் என்ற இந்தக் கணக்கை மற்ற அரசுகளும் படித்திருக்கின்றன. 2018 அக்டோபர் 2 அன்று, திருமணத்துக்கான காகிதங்கள் வாங்க இஸ்தான்புல் சவூதி துணைத் தூதரகத்துக்குள் போன சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி வெளியே வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. இந்தக் கொலை சவூதி அரசின் பொறுப்பு என்று 2019-இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் எழுதினார். ஐந்து பேருக்கு விதித்த மரண தண்டனையை சவூதி நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறையாகக் குறைத்தது. துருக்கி 2022-இல் தன் வழக்கையும் சவூதியிடமே ஒப்படைத்தது.

குற்றவாளியே ஆவணக் காப்பகத்தின் சாவியையும் வைத்திருக்கும்போது, காலவரம்பு என்பது கொலைகாரனுக்குக் கொடுக்கும் சலுகை. எரிப்பதற்கும் காத்திருப்பதற்கும் அரசாங்கத்திடம் நேரம் இருக்கிறது. அரசு செய்யும் கொலைக்குக் காலவரம்பு கூடாது, கொலை நடந்த நாடு வழக்கை யாருக்கும் தாரை வார்க்கவும் கூடாது. இந்த இரண்டையும் சட்டமாக்காத வரை, நாடு கடந்து போய் எழுதுகிறவருக்கு எந்த ஊர் பஸ் நிறுத்தமும் பாதுகாப்பில்லை.