போகம்டக் பள்ளத்தாக்கு நினைவுச் சங்கம்

போகம்டக் பள்ளத்தாக்கு நினைவுச் சங்கம் என்பது அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள டீர்ஃபீல்டு என்னும் சிற்றூரின் மரபுச் சின்னங்களைப் பேணும் வரலாற்றுச் சங்கமாகும்.

1704 பிப்ரவரி 29 அன்று பிரெஞ்சுப் படையினரும் அவர்களுடன் சேர்ந்த பழங்குடியினரும் ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த இவ்வூரைத் தாக்கி, 112 பேரைச் சிறைபிடித்தனர். அத்தாக்குதலில் தப்பி நின்ற ஒரு வீட்டைக் காக்க ஊரார் முயன்றும், 1848இல் அது இடிக்கப்பட்டது. கோடரி வெட்டுகள் பதிந்த அதன் கதவு பாதுகாக்கப்பட்டது.

ஊரின் பழம்பொருள்கள் மேலும் அழியாமல் காக்க, 1870இல் ஜார்ஜ் செல்டன் முதலானோர் இச்சங்கத்தை நிறுவினர். 1880இல் பழைய பள்ளிக் கட்டடமொன்றில் இதன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அக்கதவு அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. தொடக்கத்தில் குடியேறியோரின் துயரமே முதன்மையாகக் கூறப்பட்டது. நிலத்தை இழந்த பழங்குடியினரின் பார்வையையும் சங்கம் இப்போது சேர்த்துக் கூறுகிறது.